30ஆம் நாளில் துடிக்காத மோட்டார் நியூரான்கள்: நோயின் வேலையா, வளர்ப்பின் கோளாறா?

வண்ணை_செல்லறை கேட்டது:

வணக்கம். மோட்டார் நியூரான் (தசையை இயக்கும் நரம்புச் செல்) நோயில் செல் சாவதற்கு முன்பே அதன் வேலை எந்தக் கட்டத்தில், எப்படிக் கெடுகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் ஆய்வு. நோயாளிகளின் ரத்தத்திலிருந்து உருவாக்கிய ஐபிஎஸ் செல்களை (எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்கள்) மோட்டார் நியூரானாக மாற்றி, பேட்ச் கிளாம்ப்பில் (நுண்ணிய கண்ணாடி மின்முனையைச் செல்லில் ஒட்டி) அதன் மின்துடிப்பைப் பதிவு செய்கிறோம். இடம் பழைய வண்ணாரப்பேட்டை. சின்ன ஆய்வகம், ஒரே ஒரு இன்குபேட்டர்.

செல் லைன்கள் (ஒருவரின் செல்லிலிருந்து தொடர்ந்து வளர்க்கும் வரிசை) ஐந்து. சி9ஓஆர்எஃப்72 மரபணுவில் நீட்சி (சிறு டிஎன்ஏ துண்டு ஒன்று மிதமிஞ்சித் திரும்பத் திரும்ப வருவது) உள்ள இரண்டு நோயாளிகளுடையவை, நோயில்லாத இருவருடையவை, முதல் நோயாளி லைனில் அந்த நீட்சியை மட்டும் கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் முறையால் வெட்டியெடுத்த இணை லைன் ஒன்று.

முறை இது (செல்லை மோட்டார் நியூரான் வழிக்குத் திருப்பும் வேதிப்பொருள்களும் அளவும்): முதல் 6 நாள் சிஹெச்ஐஆர் 3 மைக்ரோமோலார், எஸ்பி431542 2 மைக்ரோமோலார், டிஎம்ஹெச்1 2 மைக்ரோமோலார். 6 முதல் 12 வரை சிஹெச்ஐஆரை 1 மைக்ரோமோலாராகக் குறைத்து, ரெட்டினாயிக் அமிலம் 0.1, பர்மார்ஃபமைன் 0.5 மைக்ரோமோலார் சேர்க்கிறோம். 12 முதல் 18 வரை மிதக்கும் உருண்டைகளாக, ரெட்டினாயிக் அமிலம் 0.5, பர்மார்ஃபமைன் 0.1. 18ஆம் நாள் பிரித்துத் தட்டில் விட்டு, காம்பவுண்ட் ஈ 0.1 மைக்ரோமோலார், வளர்ச்சிக் காரணிகளான பிடிஎன்எஃப், ஜிடிஎன்எஃப் இரண்டும் மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம். மீடியா முழுக்க டிஎம்இஎம்/எஃப்12, நியூரோபேசல் சரிபாதி, என்2, பி27 உடன்.

சிக்கல் மூன்று. 25ஆம் நாளுக்கு மேல் செல்கள் கும்பல் கும்பலாகச் சேர்ந்து பாய் சுருண்ட மாதிரி உரிந்து வருகின்றன. 30ஆம் நாள் பதிவில் நோயாளி லைன் செல்கள் 18இல் 12 துடிக்கவே இல்லை. நோயில்லாத லைனில் 14இல் 4தான் துடிக்கவில்லை. இந்த நோயில் செல்லின் உட்கருவை விட்டு வெளியேறிப் படியும் புரதமான டிடிபி-43ஐச் சாயமிட்டுப் பார்த்தால் எல்லா லைனிலும் உட்கருவுக்குள்ளேயே அழகாக உட்கார்ந்திருக்கிறது.

துடிப்பு இல்லாததை நோயின் அடையாளம் என்று எழுதலாமா? எழுதுவதற்கு முன் எதையெல்லாம் விலக்கிப் பார்க்க வேண்டும்?

---

பெரம்பூர்_தட்டு பதில்:

இப்போதைக்கு எழுதாதீங்க. உரிஞ்சு வர்ற தட்டுல பேட்ச் பண்ணின எந்த எண்ணுக்கும் மதிப்பு கிடையாது. இழுபட்டு நிற்கிற செல்லும் நோயுற்ற செல்லும் மின்முனைக்கு ஒரே மாதிரிதான் தெரியும். முதல்ல தட்டைச் சரி பண்ணுங்க.

கும்பல் சேர்றதுக்குப் பெரும்பாலும் அடிப்பூச்சுதான் காரணம். பாலி-டி-லைசின் மில்லிலிட்டருக்கு 50 முதல் 100 மைக்ரோகிராம், அறை வெப்பத்துல ஒரு மணி நேரமாவது இருக்கட்டும். பிறகு கிருமி நீக்கின தண்ணீர்ல மூணு தடவை கழுவணும். ஒட்டாம மிதக்கிற லைசின் நியூரானுக்கு நஞ்சு. பல பேர் ஒரு தடவை அலசிட்டு விட்டுடுறாங்க. தட்டு நல்லா காய்ஞ்ச பிறகு லேமினின் (செல் பிடிச்சுக்கிற புரதம்) மில்லிலிட்டருக்கு 5 முதல் 10 மைக்ரோகிராம், 37 டிகிரியில ராத்திரி முழுக்க. லேமினின் ஊத்தின தட்டு மட்டும் ஒரு நிமிஷம்கூட காயக் கூடாது. உறிஞ்சி எடுத்த கையோட செல்லை ஊத்திடணும்.

லேமினினை உறைநிலையிலிருந்து நேரா மேசை மேல வச்சு உருக்கினா கட்டி தட்டிடும். நம்ம ஊர் வெயிலுக்கு அது இன்னும் சீக்கிரம் நடக்கும். ஃபிரிட்ஜில 4 டிகிரியில ராத்திரி வச்சு உருக்குங்க. மேட்ரிஜெல்ங்கிற பூச்சு ஜெல்லுக்கும் இதே விதிதான். பைப்பெட் டிப், குழாய் எல்லாத்தையும் முன்னாடியே குளிர வச்சுக்கணும். கண்ணாடி கவர்ஸ்லிப் மேல வளர்க்கிறீங்கன்னா அதை அமிலத்துல கழுவினீங்களான்னும் பாருங்க. எண்ணெய்ப் பசை இருந்தா எந்தப் பூச்சும் பிடிக்காது, கரெக்டா மூணாவது வாரத்துல ஓரத்திலிருந்து சுருள ஆரம்பிக்கும்.

அடுத்தது அடர்த்தி. 18ஆம் நாள் உருண்டையை, செல்லைப் பிரிக்கிற நொதிக் கலவையான அக்யூட்டேஸ்ல 37 டிகிரியில 5 நிமிஷம் வச்சு, மெதுவா ஏத்தி இறக்கி, 40 மைக்ரான் வலையில வடிகட்டுங்க. வடிகட்டாம விட்ட சின்னச் சின்ன உருண்டைதான் பின்னாடி கும்பலுக்கு வித்து. பேட்ச் பண்ற தட்டுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 50,000 செல் போதும். ஒரு லட்சத்தைத் தாண்டினா ஒண்ணையொண்ணு இழுத்துக்கிட்டு கூடிடும். விடுற அன்னைக்கு மட்டும், பிரிச்ச செல் சாகாம காக்கிற ஒய்-27632 மருந்தை 10 மைக்ரோமோலார் போடுங்க, மறுநாள் எடுத்துடுங்க.

தட்டுல பிரியுற செல் மிச்சம் இருந்தாலும் இதே கதைதான். பரப்பா, தட்டையா, நியூரானுக்கு அடியில பாய் விரிச்ச மாதிரி ஏதாவது வளருதான்னு பாருங்க. இருந்தா அதுதான் சுருளும்போது நியூரானையும் சேர்த்து இழுத்துட்டு வருது. கேஐ67 (பிரியுற செல்லோட அடையாளப் புரதம்) சாயம் போட்டுப் பார்த்துட்டு, இருந்தா மட்டும் பிரியுற செல்லைக் கொல்ற ஆரா-சி 1 மைக்ரோமோலார், 24 முதல் 48 மணி நேரம், ஒரே ஒரு தடவை. அது நியூரானையும் கொஞ்சம் தாக்கும். அதனால நோயாளி லைனுக்கு மட்டும் போட்டுட்டு மற்ற லைனுக்குப் போடாம விடவே கூடாது. ஒரு லைனுக்குச் செய்றதை எல்லா லைனுக்கும் அதே நாள்ல செய்யணும்.

மீடியாவை முழுசா மாத்தாதீங்க. பாதி எடுத்துப் பாதி ஊத்துங்க, சுவரோரமா. வாரம் ஒரு தடவை புது மீடியாவோட மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் லேமினின் கலந்து விட்டா பிடிப்பு நிக்கும். 96 குழித் தட்டுன்னா வெளி வரிசைக் குழி எல்லாத்துலயும் செல் போடாம பிபிஎஸ் ஊத்தி வைங்க. ஓரத்துக் குழி சீக்கிரம் வத்தி உப்பு ஏறிடும்.

இன்னொண்ணு: உங்க செல்லுல எத்தனை சதவீதம் உண்மையா மோட்டார் நியூரான்? அதை நீங்க எழுதவே இல்லை. 12ஆம் நாளுக்கு மேல ஓலிக்2, 18 முதல் 25க்குள்ள ஹெச்பி9, ஐஎஸ்எல்1, 28க்கு மேல சாட் — இந்த அடையாளப் புரதங்களோட வரிசை ஒவ்வொரு லைனிலயும் ஒரே நாள்ல வருதான்னு எண்ணுங்க. எஸ்எம்ஐ-32 சாயத்தை மட்டும் நம்பாதீங்க, அது மத்த நியூரானையும் பிடிக்கும். ஐஎஸ்எல்1 உணர்வு நியூரானிலயும் இருக்கும். உணர்வு நியூரானோட அடையாளமான பிஆர்என்3ஏ சேர்த்துப் போட்டா குட்டு வெளிப்படும்.

ஒரு லைன் மட்டும் பின்தங்கினா, முதல்ல சிஹெச்ஐஆர் அளவைச் சந்தேகப்படுங்க. 3 மைக்ரோமோலார்ங்கிறது எல்லா லைனுக்கும் பொருந்தாது. 2, 3, 4 மூணையும் ஒவ்வொரு லைனிலயும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்து வச்சுக்கணும். குறைஞ்சா செல் மூளைப் பக்கம் போகும், கூடினா நரம்பு வழியை விட்டே விலகிடும். ரெட்டினாயிக் அமிலத்தை விளக்கு வெளிச்சத்துல திறந்து வச்சுக்கிட்டு வேலை பார்த்தா அதுவும் வீரியம் இழந்துடும். சின்னச் சின்னக் குழாயில பிரிச்சு, ஃபாயில் சுத்தி, மைனஸ் 80இல். உருக்கினதை மறுபடி உறைய வைக்கக் கூடாது.

---

கொருக்குப்பேட்டை_பராமரிப்பு பதில்:

ஒரே இன்குபேட்டர் என்று எழுதியிருப்பதால் சொல்கிறேன். செல்லைக் குறை சொல்லும் முன் பெட்டியைச் சோதியுங்கள்.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரின் அழுத்தக் கடிகாரத்தை வைத்து மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் போட முடியாது. உள்ளே இருப்பது திரவம். திரவம் தீரும்வரை முள் அசையாது. தீர்ந்ததும் மளமளவென்று இறங்கும். 31 டிகிரிக்கு மேல் அந்தத் திரவமே திரவமாக நிற்காது என்பதால், சிலிண்டர் வெளி வராந்தாவில் நின்றால் நம்ம ஊர் மே மாதத்தில் முள் இன்னும் ஏறிக் காட்டும். எடை பார்ப்பது ஒன்றே வழி. காசிமேட்டில் மீன் கூடையை ஏற்றும் மேடைத் தராசு மாதிரி ஒன்றை வாங்கி சிலிண்டரை அதன் மேலேயே நிறுத்திவிடுங்கள். காலி எடை சிலிண்டரின் கழுத்தில் பொறித்திருக்கும். அதைக் கழித்து மிச்சத்தைத் தினமும் ஒரே நேரத்தில் நோட்டில் எழுதுங்கள். இரண்டு கிலோவுக்கு வந்ததும் மாற்றுங்கள். தானாக மாறும் இரட்டை இணைப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமை பயம் இல்லை.

பெட்டித் திரையில் 5 சதவீதம் என்று காட்டுவதை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். தனி வாயு அளவியை வாயு மாதிரி எடுக்கும் துளையில் செருகி மாதம் ஒருமுறை ஒப்பிடுங்கள். மீடியா இளஞ்சிவப்பிலிருந்து ஊதாப் பக்கம் நகர்ந்திருந்தால் வாயு குறைவு. அந்தத் தட்டில் பதிவு செய்யாதீர்கள்.

மின்வெட்டு: ஜெனரேட்டர் எடுப்பதற்குள் போகும் சில வினாடியில் செல்லுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பெட்டி மறுபடி கிளம்பும்போது வெப்பம் இலக்கைத் தாண்டி ஏறினால் 39 டிகிரி வரை போகலாம். ஆன்லைன் யுபிஎஸ், அதற்கு முன் ஸ்டெபிலைசர், இரண்டும் வேண்டும். மின்சாரம் இல்லாதபோது கதவைத் திறக்காதீர்கள். மூடிய பெட்டி வெப்பத்தையும் வாயுவையும் ஓரளவு தாங்கும். அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பத்தைப் பதியும் சின்ன கருவியொன்றை உள்ளே போட்டு வையுங்கள். 18ஆம் நாளிலிருந்து 30ஆம் நாள்வரையான அந்த வரைகோட்டைப் பேட்ச் பதிவோடு சேர்த்தே வைத்திருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பூஞ்சை தனிச் சிக்கல். அட்டைப்பெட்டி ஒன்றுகூட வளர்ப்பறைக்குள் வரக் கூடாது. ஈர அட்டைதான் வித்துகளின் வீடு. ஏசியின் நீர்த்தட்டை வாரம் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். பெட்டியின் நீர்த்தட்டில் கிருமி நீக்கிய காய்ச்சிவடித்த நீர், வாரம் ஒருமுறை மாற்றம்.

கடற்கரைக்கு அருகே என்பதால் உப்புக் காற்றில் மின் தொடுமுனைகள் பச்சை பூக்கும். எர்த் குழியையும் வருடம் ஒருமுறை அளந்து பாருங்கள். பேட்ச் திரையில் 50 ஹெர்ட்ஸ் அலை ஓடினால் பாதி நேரம் காரணம் அங்கேதான்.

---

எண்ணூர்_மின்முனை பதில்:

மேலே இருவரும் சொன்னதை முடித்த பிறகு படிக்க வேண்டியது இது.

உங்கள் கேள்வி சரியான கேள்வி. 2014இல் ஹார்வர்டு குழு எஸ்ஓடி1, சி9ஓஆர்எஃப்72, எஃப்யூஎஸ் மரபணுக்களில் பிறழ்வுள்ள நோயாளி நியூரான்கள் அளவுக்கு மீறித் துடிப்பதைக் காட்டியது. பொட்டாசிய ஓட்டம் குறைந்ததைக் காரணமாகச் சொன்னது. 2015இல் எடின்பரோ, செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகக் குழு சி9ஓஆர்எஃப்72, டிஏஆர்டிபிபி (டிடிபி-43ஐ உருவாக்கும் மரபணு) நோயாளி நியூரான்களில் காலத்தையும் சேர்த்துப் பார்த்தது. ஆரம்பத்தில் மிகைத் துடிப்பு, வாரங்கள் செல்லச் செல்லத் துடிப்பே அடங்குதல். சோடிய, பொட்டாசிய ஓட்டங்கள் இரண்டும் படிப்படியாகக் குறைந்தன. செல்கள் மட்டும் சாகவில்லை. நீங்கள் தேடுவது இதைத்தான்.

அதனாலேயே 30ஆம் நாளை மட்டும் பார்த்துவிட்டு முடிவு சொல்ல முடியாது. ஒரே நாளில் எடுத்த படத்தில் மெதுவாக முதிரும் லைனும் முதிர்ந்து அடங்கிய லைனும் ஒரே மாதிரி இருக்கும். 3, 5, 7, 9 என்று வாரக் கணக்கில் பதிவு செய்யுங்கள். துடித்துக்கொண்டிருந்த லைன் அடங்கினால்தான் அது இழப்பு. ஒருபோதும் துடிக்காதது வளர்ச்சித் தாமதம்.

ஒவ்வொரு செல்லிலும் மின்கொள்ளளவு (செல்லின் பரப்பைக் காட்டுவது), உள்ளீட்டுத் தடை, ஓய்வு மின்னழுத்தம் மூன்றையும் துடிப்பைப் பார்க்கும் முன்பே குறியுங்கள். கொள்ளளவு குறைவு, உள்ளீட்டுத் தடை ஒரு கிகாஓம் பக்கம், ஓய்வு மைனஸ் 40 மில்லிவோல்ட் என்றால் அது குழந்தைச் செல். மைனஸ் 40இல் நிற்கும் செல்லில் சோடியக் கால்வாய்களில் பெரும்பகுதி அடைபட்டே இருக்கும். அது துடிக்காததில் வியப்பில்லை. சிறு மின்னோட்டம் கொடுத்து எல்லாச் செல்லையும் மைனஸ் 70க்கு இறக்கி நிறுத்திவிட்டு, பிறகு படிப்படியாக ஏற்றுங்கள். அப்போதும் துடிக்கவில்லை என்றால்தான் கணக்கு.

ஏற்றும் படியின் அளவில் பலர் தவறுகிறார்கள். ஒரு கிகாஓம் தடையுள்ள செல்லில் 50 பிக்கோஆம்பியர் செலுத்தினால் 50 மில்லிவோல்ட் தூக்கிவிடும். முதல் துடிப்போடு கால்வாய்கள் அடைத்துக்கொள்ளும், நீங்கள் "ஒரே துடிப்பு" என்று எழுதிவிடுவீர்கள். அத்தகைய செல்லுக்கு 2 முதல் 5 பிக்கோஆம்பியர் படி போதும். பதிவை நான்காகப் பிரியுங்கள்: தொடர் துடிப்பு, ஓய்ந்துபோகும் துடிப்பு, ஒற்றைத் துடிப்பு, துடிப்பின்மை. "துடிக்கிறது, துடிக்கவில்லை" என்ற இரண்டே பெட்டியில் போட்டால் நோய் நடுவே நழுவிவிடும்.

பிறகு மின்னழுத்தத்தைப் பூட்டி, சோடிய, பொட்டாசிய ஓட்டங்களைத் தனித்தனியே அளந்து, கொள்ளளவால் வகுங்கள். வகுக்காவிட்டால் சின்னச் செல்லெல்லாம் நோயாளிச் செல்லாகத் தோன்றும். சோடியக் கால்வாயை அடைக்கும் டெட்ரோடாக்சின் 500 நானோமோலார் போட்டு உள்நோக்கிய ஓட்டம் மறைவதைச் சில செல்களிலாவது காட்டுங்கள்.

மின்முனைத் தடை 3 முதல் 6 மெகாஓம், தொடர் தடை 20 மெகாஓமுக்குள். பதிவின் நடுவே அது 20 சதவீதத்துக்கு மேல் மாறினால் அந்தச் செல்லை விடுங்கள். பொட்டாசியம் குளுக்கோனேட் உள்திரவம் என்றால் சந்திப்பு மின்னழுத்தம் (இரு திரவங்கள் சந்திக்கும் இடத்தில் எழுவது) 14, 15 மில்லிவோல்ட் வரும். திருத்தினீர்களா இல்லையா என்பதை எழுதாத ஓய்வு மின்னழுத்த எண்ணை வேறு எவரோடும் ஒப்பிட முடியாது.

மீடியா பற்றி. நியூரோபேசலும் டிஎம்இஎம்மும் செல்லை உயிரோடு வைக்கச் செய்தவை. துடிப்பையும் சினாப்ஸ் வேலையையும் அவை மட்டுப்படுத்துகின்றன. 2015இல் பிரெய்ன்ஃபிஸ் மீடியாவை உருவாக்கியதே இதற்காகத்தான். 21ஆம் நாளிலிருந்து ஒரு வாரத்தில் பாதிப் பாதியாக அதற்கு மாற்றுங்கள். பதிவுத் திரவத்தின் ஆஸ்மோலாலிட்டியை (கரைந்த பொருள்களின் செறிவு) மீடியாவோடு ஒப்பிட்டு 10 மில்லிஆஸ்மோலுக்குள் கொண்டுவாருங்கள். நியூரோபேசல் இந்த அளவில் வெகுவாகத் தாழ்ந்தது. அதில் வாரக்கணக்கில் இருந்த செல்லைத் திடீரென்று 310இல் போட்டால் சுருங்கிப்போகும். உங்கள் 12 மௌனச் செல்களில் சில இப்படிச் சுருங்கியவையாக இருக்கலாம். 

அஸ்ட்ரோசைட் (நியூரானுக்குத் துணைநிற்கும் மூளைச் செல்) இல்லாமல் வளர்க்கிறீர்கள் என்று புரிகிறது. துணைக்கு அஸ்ட்ரோசைட் வைத்தால் நியூரான் நன்றாக முதிரும், கும்பலும் குறையும். ஆனால் யாருடைய அஸ்ட்ரோசைட் என்பதே ஒரு சோதனை. நோயாளியின் அஸ்ட்ரோசைட் ஆரோக்கியமான நியூரானின் துடிப்பையும் அடக்கக்கூடும். எல்லா லைனுக்கும் ஒரே மூலத்து ஆரோக்கிய அஸ்ட்ரோசைட்டில் தொடங்குங்கள். நேரமிருந்தால் நான்கு சேர்க்கையையும் செய்யுங்கள்: நோய் நியூரானும் ஆரோக்கிய நியூரானும், நோய் அஸ்ட்ரோசைட்டிலும் ஆரோக்கிய அஸ்ட்ரோசைட்டிலும்.

வண்ணாரப்பேட்டையில் மேசை மாடியில் இருந்தால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி ஒவ்வொன்றும் செல்லின் மேல் மின்முனையின் பிடிப்பை உடைக்கும். தரைத்தளம் நல்லது. இரவில் பதிவு செய்தால் மேல் என்று எண்ண வேண்டாம், லாரி அப்போதுதான் அதிகம்.

---

வண்ணை_செல்லறை:

மூவருக்கும் மிக்க நன்றி. ஆஸ்மோலாலிட்டியை அளக்கவே இல்லை. சந்திப்பு மின்னழுத்தத்தையும் திருத்தவில்லை. சாட் எண்ணிக்கை ஒரு லைனுக்கு மட்டுமே உள்ளது. இரண்டு விஷயம் பாக்கி. டிடிபி-43 நகராதது ஏன்? இரண்டாவது, மெட்ராஸ் மாதிரி மோட்டார் நியூரான் நோய் உள்ள இரண்டு குடும்பங்கள் ரத்தம் தர முன்வந்திருக்கின்றன. அதற்கு இதே திட்டம் போதுமா?

---

மாதவரம்_மரபணு பதில்:

டிடிபி-43 நகராதது உங்கள் பிழை அல்ல. ரத்தச் செல்லை ஐபிஎஸ் ஆக்கும்போது வயதின் அடையாளங்கள் அழிந்துவிடுகின்றன. 60 வயதுக்காரரிடமிருந்து எடுத்தாலும் கிடைக்கும் நியூரான் தாய் வயிற்றில் வளரும் சிசுவின் நியூரானை ஒத்தது. நோயாளிகளின் உடலில் ஏறக்குறைய 97 சதவீதம் பேரிடம் தெரியும் அந்தப் படிவு, தட்டில் சில வாரங்களில் தெளிவாக வருவது அரிது. சாயத்தை விட நுட்பமான அளவுகோல் எஸ்டிஎம்என்2 மரபணு. டிடிபி-43 உட்கருவில் வேலை நிறுத்தினால் இந்த மரபணுவின் ஆர்என்ஏவில் சேரக் கூடாத துண்டு ஒன்று சேர்ந்து, செய்தி பாதியில் முடிந்துவிடும். 2019இல் வெளிவந்த கண்டுபிடிப்பு. ஒரு பிரைமர் அந்த மரபணுவின் முதல் எக்ஸானில், இன்னொன்று அந்தத் தப்பான துண்டில் வைத்து கியூபிசிஆர் (குறிப்பிட்ட துண்டின் அளவைக் காட்டும் சோதனை) ஓட்டுங்கள். டிடிபி-43ஐ எஸ்ஐஆர்என்ஏவால் (ஒரு மரபணுவின் செய்தியை அடக்கும் குட்டி ஆர்என்ஏ) குறைத்த ஆரோக்கிய நியூரானை நேர்க்கட்டுப்பாடாகக் கட்டாயம் வையுங்கள்; அதில் வராவிட்டால் உங்கள் சோதனையே வேலை செய்யவில்லை. எலிச் செல்லில் முயலாதீர்கள், இந்தத் துண்டு மனித மரபணுவுக்கு உரியது.

சி9ஓஆர்எஃப்72க்கு நேரடி அடையாளங்கள் இரண்டு உண்டு: உட்கருவுக்குள் ஆர்என்ஏ புள்ளிகள், நீட்சியிலிருந்து பிறக்கும் பாலி-ஜிபி புரதம். நோயாளி லைனில் இருந்து, வெட்டிய இணை லைனில் மறைய வேண்டும். மறைந்தால்தான் வெட்டு முழுமை. நீட்சி இருக்கிறதா என்பதை ரிப்பீட் பிரைம்டு பிசிஆர் சொல்லும். எவ்வளவு நீளம் என்பதை அது சொல்லாது; அதற்குச் சதர்ன் பிளாட் சோதனை வேண்டும். நீளம் பாசேஜ் (செல்லைப் பிரித்துப் புதுத் தட்டுக்கு மாற்றும் ஒவ்வொரு சுற்று) ஏற ஏற மாறும் என்பதால் வங்கியில் உறைய வைக்கும்போதும், பதிவு நடக்கும் பாசேஜிலும் பாருங்கள்.

எண்ணிக்கைக்கு வருகிறேன். 18 செல் என்பது 18 அல்ல. இரண்டு நோயாளிகள், அவ்வளவுதான். ஒரு தட்டின் செல்களெல்லாம் ஒரே நாள், ஒரே மீடியா, ஒரே கை. ஒவ்வொரு லைனையும் குறைந்தது மூன்று தனித்தனி மாற்றங்களில், ஐபிஎஸ் நிலையிலிருந்தே தொடங்கி ஓட்டுங்கள். எந்தத் தட்டு யாருடையது என்று பேட்ச் செய்பவருக்குத் தெரியக் கூடாது. கணக்கில் லைனையும் மாற்ற எண்ணையும் தற்செயல் காரணிகளாக வைக்கும் கலப்பு மாதிரியைப் பயன்படுத்துங்கள். முக்கிய சாட்சி இணை லைன்தான்: வெட்டிய லைனில் துடிப்பு மீண்டால் பேச்சு வேறு.

குரோமோசோம்களைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? ஐபிஎஸ் செல்லில் 20ஆம் குரோமோசோமின் 20கியூ11.21 பகுதி இரட்டிப்பது வழக்கமான கோளாறு. சின்ன இரட்டிப்பு சாதாரண பட்டைச் சோதனையில் தெரியாது. அந்தப் பகுதியில் இருக்கும் பிசிஎல்2எல்1 மரபணுவின் பிரதி எண்ணிக்கையைக் கியூபிசிஆரில் பாருங்கள். அந்த இரட்டிப்பு செல்லைச் சாகவிடாது, நரம்பு வழி மாற்றத்தையும் கெடுக்கும். கிரிஸ்பர் செய்த லைனுக்கு வெட்டிய பிறகும் ஒருமுறை. 10 பாசேஜுக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்யுங்கள், மைக்கோபிளாஸ்மா பிசிஆர் மாதம் ஒருமுறை.

மெட்ராஸ் மாதிரி குடும்பங்கள் பற்றி. 1970இல் இதே ஊரின் மருத்துவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி முதலில் விவரித்த நோய் அது. இளவயதில் தொடங்கி, முகம், நாக்கு, தொண்டைத் தசைகள் தளர்ந்து, காது கேளாமையும் சேர்ந்து, மெதுவாக நகர்வது. சி9ஓஆர்எஃப்72 போல வெட்டிச் சரிசெய்ய ஒரே மரபணு கையில் இல்லாததால் இணை லைன் செய்ய முடியாது. ஒரே குடும்பத்தில் நோயில்லாத உடன்பிறப்பை ஒப்பீட்டுக்கு எடுங்கள்; குடும்பங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது தவிர வேறு குறுக்கு வழி இல்லை.

ரத்தம் எடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். காது கேளாமையும் விழுங்குவதில் சிரமமும் சேர்ந்த நோயாளியில் எஸ்எல்சி52ஏ2, எஸ்எல்சி52ஏ3 மரபணுக்களைப் படித்துப் பாருங்கள். இவை ரைபோஃபிளேவினைச் செல்லுக்குள் கொண்டுபோகும் வாயில்கள். இவற்றில் பிறழ்வு இருந்தால் அது வேறு நோய், அதிக அளவு ரைபோஃபிளேவின் கொடுத்தால் தேறக்கூடியது. அந்தக் குடும்பத்துக்கு நாம் முதலில் செய்ய வேண்டியது நரம்பியல் மருத்துவரிடம் உடனே திருப்பி அனுப்புவது. செல் லைன் அதற்குப் பிறகு. இதே காரணத்தால் வளர்ப்பிலும் ஒரு பொறி உண்டு. டிஎம்இஎம்மில் லிட்டருக்கு 0.4 மில்லிகிராம் ரைபோஃபிளேவின் இருக்கிறது, ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு. இந்த வாயில்கள் பழுதான செல்லும் அந்த வெள்ளத்தில் நன்றாகவே வாழும், கோளாறு மறைந்துவிடும். குறைத்த மீடியாவில் தனியாகப் பார்க்க வேண்டும்.

ரத்தம் 10 மில்லி போதும். 24 மணி நேரத்துக்குள் வெள்ளணுக்களைப் பிரித்துவிடுங்கள். ஐஸில் வைக்காதீர்கள், வெயிலில் நின்ற வண்டியிலும் வைக்காதீர்கள். 22 டிகிரிக்குப் பதப்படுத்திய ஜெல் பைகளோடு தெர்மாகோல் பெட்டியில் கொண்டுவாருங்கள்.

ஒப்புதல் வாங்குவதில் அவசரம் கூடாது. கை எழுதாது, பேச்சு குழறும், ஆனால் புத்தி பெரும்பாலும் தெளிவாக இருக்கும். கண்ணசைவிலோ தலையசைவிலோ அவர்களிடமே கேட்டு, வெளிச் சாட்சி ஒருவரை வைத்துப் பதிவு செய்யுங்கள். உடனிருப்பவர் பதில் சொல்லிவிடக் கூடாது. ஐசிஎம்ஆரும் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) உயிரிதொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட நெறிமுறைப்படி ஸ்டெம் செல் ஆய்வுக்கான நிறுவனக் குழுவின் அனுமதியும் நெறிக்குழு அனுமதியும் இரண்டுமே வேண்டும். குடும்பத்தார் கட்டாயம் கேட்பார்கள்: இந்தச் செல்லை அவருக்கே ஊசியாகப் போடலாமா? போட முடியாது என்று அன்றே, தெளிவாகச் சொல்லுங்கள். இந்த நோய்க்கு ஸ்டெம் செல் ஊசி நம் நாட்டில் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை அல்ல. அனுமதி பெற்ற மருத்துவப் பரிசோதனைக்கு வெளியே காசு வாங்கிக்கொண்டு போடுவதை அந்த நெறிமுறை ஏற்பதில்லை. தயங்கித் தயங்கிச் சொன்னால், நகை அடகு வைத்து வேறு எங்காவது போய்விடுவார்கள்.

---

வண்ணை_செல்லறை:

ரைபோஃபிளேவின் விஷயம் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. இரு குடும்பங்களின் மரபணுப் படிப்புக்கும் இந்த வாரமே நரம்பியல் மருத்துவரிடம் பேசுகிறோம். ஐந்து லைனையும் உறைவங்கியிலிருந்து புதிதாக எடுத்து, பிசிஎல்2எல்1 பார்த்த பிறகே மாற்றத்தைத் தொடங்கப்போகிறோம். ஒரே ஒரு சந்தேகம்: ஐந்து லைன், மூன்று மாற்றம், நான்கு காலக்கட்டம் என்றால் பேட்ச் செய்ய ஒருவரால் முடியாது. எதைக் குறைக்கலாம்?

---

எண்ணூர்_மின்முனை:

லைனைக் குறைக்காதீர்கள், மாற்ற எண்ணிக்கையையும் குறைக்காதீர்கள். காலக்கட்டத்தை 4ஆம் வாரம், 8ஆம் வாரம் என்று இரண்டாக்குங்கள். நடு வாரங்களுக்கு ஃப்ளூவோ-4 சாயத்தில் கால்சியப் படம் எடுத்தால் ஒரு தட்டில் நூற்றுக்கணக்கான செல்களை ஒரே மூச்சில் பார்க்கலாம், பேட்ச் போல நுட்பம் இராவிட்டாலும் துடிப்பு எந்த வாரம் அடங்குகிறது என்பது தெரியும். ஒரு நாளில் ஒரு லைன் என்று பேட்ச் செய்யாதீர்கள். தினமும் நோயாளி லைன் ஒரு கவர்ஸ்லிப், அதன் இணை லைன் ஒரு கவர்ஸ்லிப், மாறி மாறி. செவ்வாய்க்கிழமை திரவம் கெட்டால் இரண்டும் சேர்ந்தே கெடட்டும்.